தவிட்டுக் கணக்கு

நான் எட்டாவது படிக்கும்போது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஷினுக்கு என்று ஒதுக்கப்பட்டிருக்கும். மதுராந்தகத்தில் ரைஸ் மில் என்பது போர்டில் இருக்கும் பெயர். வாயில் வருவது மிஷின்தான். ஆயா முந்தின வாரமே நெல்லை அவித்து மாடியில் காயவைத்திருக்கும். ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்து, "ம், தூக்கு" என்று சொன்ன பிறகுதான் மூட்டை கட்டுவோம். அப்பா சைக்கிளைத் தள்ளுவார், நான் பின்னால் மூட்டையைப் பிடித்துக்கொண்டு நடப்பேன்.

மிஷின்காரர் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்பார். "தவிடு எடுத்துக்கிறீங்களா, விட்டுடறீங்களா?"

விட்டுவிட்டால் அரவைக் கூலி கிடையாது. எடுத்துக்கொண்டால் கூலி கொடுக்கவேண்டும். அப்பாவுக்கு விட்டுவிடத்தான் ஆசை. காசும் மிச்சம், சைக்கிளில் இரண்டாவது மூட்டை ஏற்றும் தொல்லையும் இல்லை. ஆனால் ஆயா அனுப்பும்போதே சொல்லிவிடும், "அரிசியில ஒரு படி கொறஞ்சாலும் பரவால்ல, தவுட்ட வுட்டுட்டு வராத." வீட்டில் ஒரு பசு இருந்தது. பசு போன பிறகும் ஆயா இதைச் சொல்வதை நிறுத்தவில்லை. அப்போது பக்கத்து வீட்டுப் பசுவுக்குத் தவிடு போகும், எங்கள் வீட்டுக்கு மோர் வரும்.

இந்தக் கேள்வியை நான் இருபது வருடம் மறந்திருந்தேன். இப்போது பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தில் உணவுப் பதப்படுத்தும் ஆலைகளுக்கான சரக்குக் கணக்கு மென்பொருள் எழுதுகிறேன். ஒவ்வொரு பொருளுக்கும் அட்டவணையில் 'உரிமையாளர்' என்று ஒரு கட்டம் உண்டு. போன வருடம் ஒரு கூட்டத்தில், நெல்லுக்கும் அரிசிக்கும் அந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டு, உமி, தவிடு, நொய்க்கு என்ன போடுவது என்று கேட்டேன். எதிரில் இருந்தவருக்குக் கேள்வியே புரியவில்லை. "அது பை-ப்ராடக்ட்ங்க. ஆலைக்குத்தான். காலியா விட்டா அதுவே எடுத்துக்கும்."

காலியாக விட்டால் யாருக்குப் போகும் என்பதை யாரோ எப்போதோ முடிவு செய்திருக்கிறார்கள். எப்போது என்று தேடிப் போனதில் விளைந்தது இந்தக் கட்டுரை.

*

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். 100 கிலோ நெல்லை அரைத்தால் சுமார் 20 கிலோ உமி, 6 முதல் 8 கிலோ தவிடு, மிச்சம் அரிசியும் நொய்யும். உமியின் கதை சுலபம். நெல்லை அவிக்கும் கொதிகலனுக்கே அது எரிபொருள், மிஞ்சினால் செங்கல் சூளைக்கு. எரிந்த சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா என்பதால் அதற்கும் இப்போது வாங்க ஆள் உண்டு. உமி கெட்டுப்போகாது, காத்திருக்கும்.

தவிடு காத்திருக்காது. அரிசிமணியின் மேல்தோலில் எண்ணெய் ஒரு பக்கம், அதைச் சிதைக்கும் லிபேஸ் என்ற நொதி இன்னொரு பக்கம், தனித்தனியாக இருக்கின்றன. அரைக்கிற நொடியில் இரண்டும் கலக்கின்றன. சில மணி நேரத்தில் எண்ணெய் அமிலமாகத் தொடங்குகிறது. எங்கள் ஊர் வெயிலிலும் கடற்கரை ஈரப்பதத்திலும் ஓரிரு நாளில் கசந்துவிடும். மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். எங்கள் தொழிலில் சில தரவுகளுக்கு ஆயுள் நேரம் என்று ஒன்றைக் குறித்து வைப்போம், அது தாண்டினால் குப்பை. தவிட்டின் ஒவ்வொரு துகளிலும் அப்படி ஒரு கடிகாரம் ஓடுகிறது. புழுங்கல் நெல்லின் தவிடு கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், அவிக்கும் சூட்டில் நொதி அடங்கிவிடுவதால்.

ஆக, தவிடு இயல்பிலேயே உள்ளூர்ப் பொருள். அதன் பயன் பக்கத்தில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பயனே இல்லை. 'உள்ளூர் விநியோகச் சங்கிலி', 'மதிப்புக்கூட்டல்' என்று இன்று கருத்தரங்குகளில் பேசுகிறார்களே, அதை ஆயா பசுவையும் மோரையும் வைத்து நடத்திக்கொண்டிருந்தது.

*

செங்கல்பட்டுச் சீமையின் அறுவடைக் களத்துக்கு இந்தியாவிலேயே அபூர்வமான ஓர் ஆவணம் உண்டு. 1763இல் ஆற்காட்டு நவாப் இந்தப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். என்ன கிடைத்திருக்கிறது என்று கம்பெனிக்குத் தெரியவில்லை. தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளரை அனுப்பி 1767 முதல் 1774 வரை ஏறக்குறைய 2000 கிராமங்களை அளக்கவைத்தது. நிலம், ஏரி, வீடு, சாதி, தொழில், விளைச்சல் எல்லாம் அதில் இருக்கின்றன. 1960களில் தரம்பால் ஆவணக் காப்பகத்தில் இவற்றைப் படித்து எழுதினார். அவருக்குப் பிறகு ஜே.கே.பஜாஜும் எம்.டி.ஸ்ரீநிவாஸும் ஊர்க் கணக்கர்கள் எழுதிய ஓலைகளையும் சேர்த்துப் பல வருடம் ஆராய்ந்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்த சொல் 'சுதந்திரம்'. இன்று நாம் கொடியேற்றும் பொருளில் வருவதில்லை. களத்தில் குவித்த நெல்லில் ஒருவருக்கு உள்ள உரிமைப் பங்கு என்று பொருள். மேரை என்றும் சொல்வார்கள். அரசுக்கும் பயிரிட்டவனுக்கும் பிரிப்பதற்கு முன்பே பொலியிலிருந்து இந்தப் பங்குகள் போய்விடும். தச்சன், கொல்லன், குயவன், வண்ணான், நாவிதன், ஊர்க்காவல், ஏரி மதகு பார்ப்பவன், கணக்கன், கோயில், பள்ளிக்கூடம் என்று பட்டியல் நீளும். சில பங்குகள் அளப்பதற்கு முன், சில அளந்த பின். எந்தக் கட்டமும் காலியாக விடப்படவில்லை.

இங்கே மயங்கி நிற்பது சுலபம். இணையத்தில் இந்த ஓலைகளைப் பற்றி வரும் பல பதிவுகள் பொற்காலப் பெருமூச்சோடு முடிகின்றன. எனக்கு அந்தப் பெருமூச்சு வரவில்லை. யாருக்கு எது என்று முன்கூட்டியே எழுதியிருந்தது உண்மை. நிலத்தின் மிராசு உரிமை சில சாதிகளிடம் மட்டும் இருந்ததும், நாற்று நட்டு, அறுத்து, போரடித்தவர்களுக்கு வந்து சேர்ந்ததில் களத்தடியில் மண்ணோடு கலந்து கிடக்கும் நெல்லும் ஒன்று என்பதும் அதே அளவு உண்மை. மிச்சத்தை யாருக்குத் தருவது என்பதைச் சாதி முடிவு செய்தது. நூறு வருடம் கழித்து 1891இல், இதே செங்கல்பட்டில் கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் தன் மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். 1892இல் பஞ்சமி நில ஆணை அதிலிருந்து பிறந்தது. அந்த அறிக்கையையும் ஓலைகளின் பக்கத்தில் வைத்துத்தான் படிக்கவேண்டும்.

இன்னொரு கலெக்டரும் இந்தக் கதைக்கு வேண்டும். 1790களில் ஜாகீரை நிர்வகித்த லயனல் பிளேஸ். மதுராந்தகத்துக்காரர்களுக்கு அவரைத் தெரியும். மழையில் ஏரிக்கரை உடையவிருந்த இரவில் ராமனும் லட்சுமணனும் வில்லோடு கரையில் நின்றதைப் பார்த்த வெள்ளைக்காரர் அவர்தான் என்பது ஊர்க்கதை. 'ஏரி காத்த ராமர்' என்ற பெயர் அப்படி வந்தது. ராமர் கதையை நாங்கள் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறோம். பிளேஸ் செய்த இன்னொரு காரியத்தை எங்கள் பள்ளியில் யாரும் சொல்லவில்லை.

மதுராந்தகத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் வேடந்தாங்கல். அங்கே ஏரி மரங்களில் தங்கும் பறவைகளின் எச்சம் தண்ணீரில் விழும். அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலுக்குத் தனி எரு தேவையில்லை என்பது ஊர்க்காரர்களின் அனுபவம். கம்பெனிச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட ஆரம்பித்ததும் ஊர்க்காரர்கள் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். 1798இல் அவர் கவுல் எழுதிக்கொடுத்தார். பறவைகளைக் காக்கும் உரிமை ஊருக்கு. 1858இல் அந்தக் கவுல் புதுப்பிக்கப்பட்டது, 1936இல் சரணாலயம் ஆனது.

இதைச் சுற்றுலாத் துறை பறவை நேசத்தின் கதையாகச் சொல்கிறது. அன்பு இருந்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் கேட்டு வாங்கியது எச்சத்தின் மீதான உரிமையை. ஒரு துணைப்பொருள் எங்கே விழுகிறதோ அங்கேயே பயன்படவேண்டும் என்பதற்கு எங்கள் தாலுகாவில் எழுத்தில் கிடைத்த முதல் உத்தரவாதம் அதுதான் என்று நினைக்கிறேன்.

*

தவிட்டுக்கு அப்படி ஒரு கவுல் இருந்ததில்லை. இருந்தது வழக்கம் மட்டும். உரலில் நெல் குத்தும் பெண்களுக்குப் பல ஊர்களில் கூலியின் ஒரு பகுதியாகத் தவிடும் நொய்யும் போகும். நொய் கஞ்சிக்கு, தவிடு அவளுடைய ஆட்டுக்கோ கோழிக்கோ. உலக்கை போடும் இருவர், புடைப்பவள் ஒருத்தி, நடுவில் அதட்டிக்கொண்டு வீட்டுக்காரி. ஆயா சின்ன வயதில் குத்தப் போன வீடுகளைப் பற்றிச் சொல்லும்போது குத்திய களைப்பைப் பற்றிச் சொன்னதே இல்லை. எந்த வீட்டில் தவிட்டை முழுசாகக் கொடுத்தார்கள், எந்த வீட்டில் மறுபடி சலித்து நொய்யைப் பொறுக்கிக்கொண்டு கொடுத்தார்கள் என்பதுதான் முழுக்கதையும். எழுபது வருடம் கழித்தும் அந்தக் கணக்கு தீரவில்லை.

1880களில் பிரேசிலில் எங்கெல்பெர்க் என்பவர் காப்பிக்கும் நெல்லுக்கும் பயன்படுகிற ஒரு தோலுரிக்கும் இயந்திரத்தைச் செய்தார். அமெரிக்காவில் ஒரு நிறுவனம் அதைப் பெருமளவில் தயாரித்தது. அது உலகம் சுற்றி நம் ஊருக்கு 'ஹல்லர்' என்று வந்து சேர்ந்தது. நான் மூட்டை பிடித்துக்கொண்டு போன மிஷின் அதன் பேரன். ஹல்லரில் உமியும் தவிடும் ஒன்றாக இடிபட்டு ஒரே புழையில் வரும். அரிசி வெள்ளையாக வரும். குத்துக்கூலிக்காரிகள் வீட்டில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கூலியாக வாங்கிய தவிடு மிஷின்காரரின் கேள்விக்குள் போய்ச் சேர்ந்தது. எடுத்துக்கிறீங்களா, விட்டுடறீங்களா? அந்தக் கேள்வி நெல் வைத்திருப்பவனிடம்தான் கேட்கப்பட்டது. குத்தியவளிடம் யாரும் கேட்கவில்லை.

ஒருவர் கேட்டார். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா. தொழில்முறைக் கணக்குத் தணிக்கையாளர். 1934 கடைசியில் காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளர். அவரும் காந்தியும் தீட்டிய அரிசிக்கு எதிராக எழுதியதை இப்போது ஆர்கானிக் கடைகள் ஆரோக்கிய அறிவுரையாக மாற்றி போர்டு வைத்திருக்கின்றன. குமரப்பா அதைக் கணக்காகவும் பார்த்தார். மில் வந்தால் எத்தனை பேரின் கூலி ஒருவரின் லாபமாக ஆகிறது, சத்து எங்கே போகிறது, ஊரைவிட்டு என்ன வெளியேறுகிறது. ஆடிட்டர் கண்ணுக்குக் காலியான கட்டம் உறுத்தத்தான் செய்யும்.

சத்து பற்றிய பேச்சும் வெறும் நம்பிக்கை இல்லை. 1890களில் பட்டேவியாவில் எய்க்மான் தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்கு நரம்பு நோய் வருவதையும் தவிடு கொடுத்தால் தேறுவதையும் கண்டார். 1912இல் ஃபங்க் 'வைட்டமின்' என்ற சொல்லைச் செய்ததே இந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியில்தான். 1926இல் அதே பட்டேவியாவில் யான்சனும் டொனாத்தும் தவிட்டிலிருந்து அந்தப் பொருளைப் படிகமாகப் பிரித்தார்கள். இன்று பி1. குன்னூரில் மெக்காரிசன் இதே காலத்தில் சென்னை மாகாணத்தை ஆராய்ந்தார். பச்சரிசி உண்ணும் வடசர்க்கார் பகுதியில் பெரிபெரி இருந்தது, புழுங்கல் உண்ணும் தமிழ்ப் பகுதியில் அந்தத் தொல்லை பெரிதாக இல்லை. அவிக்கும்போது தவிட்டின் சத்து மணிக்குள் இறங்கிவிடுகிறது. நெல்லைக் கடித்துப் பார்த்த ஆயாவுக்கு இதெல்லாம் தெரியாது. தெரியாமலே தவிட்டில் பாதியை அரிசிக்குள் ஒளித்து வைத்திருந்தது.

குமரப்பாவின் வாதம் சுதந்திரத்துக்குப் பிறகு ஒரு சட்டம்வரை போனது. 1958இன் அரிசி ஆலைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டப்படி புது ஆலைக்கு அனுமதி கொடுக்கும்முன் அந்தப் பகுதியில் கைக்குத்தல் வேலையை அது எப்படிப் பாதிக்கும் என்று பார்க்கவேண்டும். பத்தே வருடத்தில் காற்று திசைமாறியது. 1968இல் திருத்தம் வந்து, ஹல்லரை விட்டு ரப்பர் உருளை ஆலைக்கு மாறச்சொல்லும் கருவியாக அதே சட்டம் ஆனது. 1997இல் ரத்தானது. ஒரு சட்டம் தான் பிறந்த காரணத்துக்கு எதிராகவே இவ்வளவு விசுவாசமாக உழைத்ததை நான் வேறெங்கும் படித்ததில்லை.

ரப்பர் உருளைக்கு நியாயம் இருந்தது, அதையும் சொல்லவேண்டும். ஹல்லர் அரிசியை உடைத்தது, தவிட்டில் உமியைக் கலந்து எண்ணெய் எடுக்க லாயக்கில்லாமல் ஆக்கியது. உருளையில் உமி முதலில் தனியாகக் கழன்றுவிடும், தவிடு சுத்தமாக வரும். அறுபதுகளில் திருவாரூரில் கூட்டுறவு விற்பனை இணையத்தின் நவீன அரிசி ஆலை வந்தது. மைசூர் உணவுத் தொழில்நுட்ப நிலையத்தின் முதல் இயக்குநரான வெ.சுப்பிரமணியன் ஓய்வுக்குப் பிறகு அந்த ஆலையோடு சேர்ந்த ஆய்வுக்கூடத்தில்தான் வேலை செய்தார். தஞ்சாவூரில் இன்று இருக்கும் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தின் வேர் அந்த ஆய்வுக்கூடம். ஆராய்ச்சி ஆலைக்குள்ளேயே, ஆலை விவசாயிகளின் கூட்டுறவில். இந்த ஏற்பாடு பரவியிருந்தால் தவிட்டெண்ணெயின் லாபம் நெல் போட்டவனுக்கே சுற்றி வந்திருக்கலாம் என்று எனக்கு ஓர் ஏக்கம் உண்டு.

பரவியது ஆலை மட்டும்தான், கூட்டுறவு பரவவில்லை. இதில் எண்ணும் விளையாடுகிறது. மணிக்கு 2 டன் நெல் அரைக்கும் ஆலை பத்து மணி நேரம் ஓடினால் 20 டன். தவிடு ஏழு சதவீதம் என்றால் 1.4 டன். நாளுக்கு 100 டன் தவிடு கேட்கும் எண்ணெய் ஆலைக்கு இப்படி எழுபது அரிசி ஆலை வேண்டும், அதுவும் தவிட்டின் கடிகாரம் நிற்பதற்குள். யாரிடம் லாரி இருக்கிறதோ அவரிடம் தவிடு போகும். எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் புண்ணாக்குத் தவிடு மாட்டுத்தீவனமாகிப் பால் விலையைத் தொடுகிறது. 2023 ஜூலையில் ஒன்றிய அரசு அதன் ஏற்றுமதிக்குத் தடை போட்டதே தீவன விலைக்குப் பயந்துதான். ஊரைவிட்டுப் போன தவிடு, மூட்டையில் பெயர் அச்சடித்துக்கொண்டு பசு வைத்திருப்பவர் வீட்டுக்குத் திரும்பி வருகிறது.

அரசு கொள்முதல் நெல்லிலும் இதே கதை. புழுங்கலுக்கு 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ அரிசியைத் திருப்பித் தந்தால் போதும் என்பது பொதுவான விதி. அரவைக்கூலி குவிண்டாலுக்கு 20 ரூபாய் என்று பல வருடமாக நின்றது. 20 ரூபாய்க்கு யார் அரைப்பார்கள்? தவிடும் உமியும் ஆலைக்காரரிடம் தங்கிவிடும் என்பதால் அரைக்கிறார்கள். ஒரு கிலோ தவிடு 20 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 7 கிலோ 140 ரூபாய். நாடு முழுக்க நடப்பது எங்கள் ஊர் மிஷின்காரரின் பேரம்தான். விட்டுடறீங்களா? ஒரு வித்தியாசம், நெல் விளைவித்தவர் அந்த அறையில் இல்லை.

இதெல்லாம் இயற்கை விதி இல்லை என்பதற்கு ஆதாரம் தேடி ரொம்ப தூரம் போகவேண்டாம். ஜிஎஸ்டி சாலையில் மதுராந்தகத்துக்குக் கொஞ்சம் முன்னால் படாளம். அங்கே இருப்பது மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலை. 100 டன் கரும்பில் ஒன்பது பத்து டன் சர்க்கரை, சுமார் 30 டன் சக்கை, நாலு டன் மொலாசஸ், மூன்று நாலு டன் ஆலைக்கழிவு மண். சக்கை மின்சாரமாகும், மொலாசஸ் சாராயமாகும், எத்தனாலாகும், மண் வயலுக்கு எருவாகும். 2012இல் ரங்கராஜன் குழு, சர்க்கரையோடு இந்த மூன்றையும் விற்ற வருமானத்தில் 70 சதவீதம் கரும்பு போட்டவருக்கு என்று பரிந்துரைத்தது. 2018இல் தமிழ்நாடு வருமானப் பகிர்வுக்குத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. மாநிலம் அதுவரை அறிவித்து வந்த பரிந்துரை விலையே இதைவிட மேல் என்று விவசாயச் சங்கங்கள் எதிர்த்தன, அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பங்கு கொடுப்பது காகிதத்தில், கணக்குப் புத்தகம் ஆலையில். ஆனாலும் சண்டை போட ஒரு எண்ணாவது இருக்கிறது. சக்கை யாருடையது என்று கேட்டால் கரும்பு விவசாயி பதில் சொல்வார். தவிடு யாருடையது என்று நெல் விவசாயியைக் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார். நான் கேட்டேன், சிரித்தார்.

அதனால்தான் 'துணைப்பொருள் பயன்பாடு' பற்றிய திட்ட அறிக்கைகளைப் படிக்கும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. தவிட்டிலிருந்து எண்ணெய், மெழுகு, ஒரைசனால், உமிச் சாம்பலிலிருந்து சிலிக்கா, எல்லாம் உண்மை, எல்லாம் செய்யக்கூடியது. ஊரில் ஒரு சூடேற்றும் இயந்திரம் வைத்து நொதியை அடக்கினால் தவிட்டின் ஆயுளை நீட்டலாம், பத்து ஆலை சேர்ந்து வைக்கலாம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் இதைச் செய்யலாம். ஆனால் அந்த அறிக்கைகளின் ஓட்டப் படத்தில் தவிடு எப்போதும் ஆலை வாசலில்தான் பிறக்கிறது. அதற்கு முன் அது யாரிடம் இருந்தது என்று ஓர் அம்புக்குறிகூட இல்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பக்கத்து வீட்டு அக்கா தன் பசு கன்று போட்டிருப்பதாகச் சொன்னார். பழைய ஞாபகத்தில், புதுத் தவிடு அஞ்சு கிலோ வாங்கி வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். நாங்கள் போகும் மிஷின் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். சாலையோரம் ஒரு பெரிய ஆலை இருந்தது, உயரமான உலர்த்திகள், வாசலில் எடைமேடை. மேற்பார்வையாளர் என் வயதுக்காரர்.

"சில்லறைக்குக் குடுக்கறதில்ல சார். ராத்திரி லாரி வந்துடும்."

"அஞ்சு கிலோதாங்க. பக்கத்து வூட்டு மாட்டுக்கு."

என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே போய், குழாயின் அடியில் நேராகப் பிடித்து ஒரு கவரில் நிரப்பிக்கொண்டு வந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். எதில் வரவு வைப்பது என்று அவருக்கே தெரியவில்லை போல. கவர் வெதுவெதுப்பாக இருந்தது, அதே இனிப்பு வாசனை.

"இன்னிக்கே கரைச்சு வெச்சுடச் சொல்லுங்க சார்," என்றார். "நாளைக்கு கசந்துடும்."